ஆரோக்கியமான நபர்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் திருத்தி எழுது.

இனிமேல் போன் வேண்டாம், கடிதமே எழுதிக்கொள்வோம். என் அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது, அங்கே டவர் கிடைப்பதில்லை. வீட்டுக்கு வந்தபின் பேசலாமே என்பாய். நீ போனில் பேசுவது சந்தையில் கூவுவது போலிருக்கிறது. அம்மாவின் முழங்கால் இப்போது தேவலையா என்று பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம் என்னை நிறுத்தி விசாரித்தார்.

நான் பலூன் பிரிவில் வேலை செய்கிறேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வருகிறாளாம். அவளுக்கு இப்படிச் சொல்: நோயாளி மூச்சை முழுக்க இழுத்து ஒரு குழாயில் ஊதுவார். நான் பக்கத்தில் நின்று "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று கத்துவேன். முதல் நொடியில் எவ்வளவு காற்று வந்தது என்று மெஷின் சொல்லும். நுரையீரல் எப்படி இருக்கிறது என்பதை அந்த ஒரு எண் காட்டிக் கொடுத்துவிடும்.

மெஷின் பொய் சொல்லாமலிருக்க இரண்டு காவல். சரியாக மூன்று லிட்டர் காற்றைத் தள்ளும் பெரிய சிரிஞ்சு ஒன்று, தினமும் காலையில். வாரத்துக்கு ஒருமுறை நான். என் மூச்சு ஒன்பது வருடமாக 2.80 லிட்டர். திங்கள்தோறும் ஊதி, பதிவேட்டில் 'ஆரோக்கியமான நபர்' என்ற தலைப்பின் கீழ் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அரசாங்க முத்திரையோடு ஆரோக்கியமாக இருப்பவள் நம் குடும்பத்தில் நான் ஒருத்திதான்.

இப்போது ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. மூச்சுக்குழாய் சுருங்கிப்போன நாற்பத்து நான்கு பேருக்குப் பழைய இன்ஹேலரை நிறுத்திவிட்டுப் புதுப் பொடி மருந்து கொடுக்கிறார்கள். பெரிய டாக்டரின் கனவு. போன மாதம் அந்தச் சிரிஞ்சைக் கீழே போட்டுவிட்டேன். கை தவறிவிட்டது. தண்டில் ஒரு கீறல், வேறொன்றுமில்லை.

வீட்டையும் மாற்றிவிட்டேன். மூன்றாவது மாடி வேண்டாமென்று தரைத்தளத்துக்கு வந்துவிட்டேன். செடி வைக்க வசதி.

அம்மாவிடம் வெந்நீர் ஒத்தடத்தை விடவேண்டாம் என்று சொல்.

அக்கா

*

ஜனவரி 24

அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அம்மா நலமில்லை என்கிறாள். அதை மூன்று வேளையும் நல்ல தெம்போடு சொல்கிறாள்.

கடிதம் என்ற யோசனை அவளுக்குப் பிடிக்கவில்லை. "குரலைக் கேட்டாத்தானே புள்ள எப்படி இருக்கான்னு தெரியும்? பேனாவுக்கு என்ன, அது எப்பவும் ஒரே மாதிரிதான் எழுதும்" என்றாள். எனக்கு ஆட்சேபணை இல்லை. எடையளவு ஆய்வாளனுக்கு எல்லாம் எழுத்தில் இருந்தால்தான் நிம்மதி.

போன வாரம் ஒரு கடையில் நிறைய புகார். தராசைச் சோதித்தேன், சரி. எடைக்கற்களைச் சோதித்தேன், அதுவும் சரி. மூன்று நாள் போய்வந்தபின் கண்டுபிடித்தேன். கடைக்காரர் பேசிக்கொண்டே கட்டைவிரலைத் தட்டின் மேல் வைத்துவிடுவார். அவருக்கே தெரியாதாம். "சார், இது என் விரலா?" என்று ஆச்சரியப்பட்டார்.

உன் வேலையில் எனக்கு ஒன்று புரியவில்லை. சிரிஞ்சு மெஷினைச் சோதிக்கிறது. நீ மெஷினைச் சோதிக்கிறாய். உன்னை யார் சோதிக்கிறார்கள்? வேடிக்கைக்குத்தான் கேட்கிறேன்.

என்ன செடி வைத்தாய்?

தம்பி

*

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை.

இங்கே ஒரு சின்னக் கலவரம். என் எண் இறங்கிக்கொண்டே வந்தது. 2.80 இருந்தது 2.52க்கு வந்துவிட்டது. சிரிஞ்சோ மெஷின் சரி என்கிறது. இரண்டு காவல்காரர்கள், இரண்டு சாட்சி. பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிவெடுக்கும் முன் அவர் செய்வது அது.

"சிரிஞ்சு விழுந்துச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா சார். டிசம்பர்ல."

"அவ்வளவுதான் விஷயம். தண்டை மூணு லிட்டர்ல நிறுத்துற வளையம் நகர்ந்திருக்கும். மூணு லிட்டருக்குப் பதிலா மூணேகாலுக்கு மேல தள்ளுது. அதை மெஷின் மூணுன்னு கத்துக்குது. அப்புறம் எல்லாரையும் குறைச்சுக் காட்டுது. உங்களையும் சேர்த்து."

"கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கலாமா சார்?"

"மூணு மாசம் ஆகும். ஆராய்ச்சி நின்னுபோயிடும். எதுக்கு? அதைவிட நல்ல அளவுகோல் நம்மகிட்டயே இருக்கே. ஒன்பது வருஷமா மாறாதவங்க நீங்க."

இப்படி யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. சிரிஞ்சைப் போட்ட குற்றவுணர்ச்சியும் இருந்ததால் தலையாட்டினேன். 2.80ஐ 2.52ஆல் வகுத்தால் 1.11. டிசம்பருக்குப் பின் எடுத்த எல்லா எண்களையும் 1.11 ஆல் பெருக்கச் சொன்னார். பெருக்கினேன். புது மருந்து பிரமாதமாக வேலை செய்கிறது.

ஒருவருக்கு மட்டும் திருப்தியில்லை. பஸ் கண்டக்டர். ஆராய்ச்சி தொடங்கியபோது 1.20 ஊதினார். இப்போது மெஷின் 1.12 என்றது. பெருக்கினால் 1.24. "தேறியிருக்கீங்க" என்றேன். "அப்படியா? சந்தோஷம். ஆனா முன்னல்லாம் பஸ்ஸுல முன்வாசல்லேருந்து பின்வாசல் வரைக்கும் ஒரே மூச்சுல டிக்கெட் போடுவேன். இப்ப நடுவுல கம்பியப் புடிச்சு நிக்கிறேன். தேறினவன் எதுக்கும்மா நிக்கணும்?" என்றார். அது மனசு என்று டாக்டர் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

அக்கா

*

மார்ச் 3

அக்காவுக்கு,

நாங்கள் நலம். என்ன செடி என்று நீ எழுதவில்லை.

நான் டாக்டர் இல்லை. ஆனால் கீழே விழுந்த பொருட்களைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். ஒரு வளையம் நகர்ந்தால் விழுந்த அன்றைக்கே நகரும். மறுவாரமே உன் எண் 2.52க்கு வந்திருக்க வேண்டும். நீயோ 'இறங்கிக்கொண்டே வந்தது' என்று எழுதியிருக்கிறாய். வளையங்கள் வாரத்துக்கு ஒரு அடி எடுத்துவைத்து நடப்பதில்லை.

ஒவ்வொரு திங்களும் என்ன ஊதினாய் என்று வரிசையாக எழுதி அனுப்பு. முடிந்தால் அந்தச் சிரிஞ்சையும் அனுப்பு. மூன்று லிட்டரா இல்லையா என்று சொல்ல எனக்கு அரை நாள் போதும். இதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறு திறமை கிடையாது, பயன்படுத்திக்கொள்.

அந்தக் கண்டக்டர் என் நினைவிலேயே இருக்கிறார்.

தம்பி

*

மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். வெயில் ஆரம்பித்துவிட்டது. எங்கள் அடித்தளத்தில் வெயிலும் தெரியாது மழையும் தெரியாது. ஜன்னல் கிடையாது. வாய்க்குழாய்களைக் கிருமி போக ஊறவைக்கும் தொட்டியும் அதே அறையில்தான். அக்டோபரில் புதுத் திரவம் ஒன்று வந்தது. மூடியைத் திறந்தால் கண்ணில் நீர் வரும். காற்றை வெளியேற்றும் விசிறி ஓடவில்லை என்று நான்கு முறை எழுதினேன். காற்றோட்டம் தொடர்பான கோப்பு நகர்ந்துகொண்டிருப்பதாகப் பதில் வந்தது. கோப்பாவது நகர்கிறதே.

நீ கேட்ட எண்கள்: நவம்பர் 2.79. டிசம்பர் கடைசியில் 2.71. பிறகு 2.66, 2.60, 2.55, 2.52. மார்ச் ஆரம்பத்தில் பத்து நாள் லீவு போட்டேன். திரும்பி வந்து ஊதினால் 2.73. மெஷினுக்கும் பத்து நாள் ஓய்வு கிடைத்ததில்லையா, அதுவும் தேறியிருக்கும். பெரிய டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். இப்போது மறுபடி 2.58.

நெறிமுறைக் குழு ஜூன் 12 அன்று கூடுகிறது. எண்கள் நன்றாக இருந்தால் பிரிவிலுள்ள எல்லா நோயாளிகளுக்கும் பழைய மருந்தை நிறுத்திப் புதியதைக் கொடுக்க அனுமதி தருவார்கள். அறுநூறு பேர்.

சிரிஞ்சை அனுப்புவது கஷ்டம். தினமும் தேவைப்படுகிறது.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம்.

சிரிஞ்சை அனுப்பு.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கடுதாசியில எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. அவளப் போன் போடச் சொல்லுடா" என்றாள். நீ சொன்ன டவர் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். "அவ வீட்டுலயுமா டவர் இல்ல?" என்றாள். பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

தம்பி

*

ஏப்ரல் 25

தம்பி,

பெரிய டாக்டர் மாநாட்டுக்குப் போயிருக்கிறார். ஒரு வாரம் சோதனைகள் இல்லை. சிரிஞ்சு பார்சலில் வருகிறது. அடுத்த திங்களுக்குள் இங்கே திரும்பியிருக்க வேண்டும். தண்ணீர் விட்டு அளக்காதே, உள்ளே ஈரம் படக்கூடாது.

கண்டக்டர் வார்டில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் பஸ்ஸிலேயே விழுந்துவிட்டாராம். விசிலை வாயில் வைத்திருக்கிறார், ஊத மூச்சில்லை. பின்னால் கூட்டம் கத்தியிருக்கிறது, ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து தூக்கியிருக்கிறார். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம். நான் பார்க்கப் போனேன். முகமூடியைச் சற்று விலக்கிவிட்டு, "இதுவும் மனசாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அக்கா

*

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

சிரிஞ்சு இன்றே திரும்புகிறது. தண்ணீர் விடவில்லை. உள்விட்டத்தை ஆறு இடங்களில் அளந்தேன், தண்டு ஓடும் நீளத்தைப் பத்து முறை அளந்தேன். காற்றுக் கசிவு இல்லை. வளையம் நகரவில்லை. கீறல் வெறும் கீறல்தான். மூன்று லிட்டர் என்றால் மூன்று லிட்டர். அரை நாள் வேலை என்றேன், இரண்டு நாள் அளந்தேன். தப்பாக இருக்கவேண்டும் என்று என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கருவியை வேண்டிக்கொண்டு அளந்தேன். அது கேட்கவில்லை.

சிரிஞ்சு சரி என்றால் மெஷின் சரி. மெஷின் சரி என்றால் 1.11 தப்பு, கண்டக்டருக்கு 1.12தான், அவர் தேறவில்லை. இவ்வளவு வரை கணக்கு.

மிச்சம் இருப்பது நீ. லீவில் தேறியது மெஷின் இல்லை. மூன்றாவது மாடியை விட்டுத் தரைக்கு வந்தது செடிக்காக இல்லை. செடி இருந்தால் இரண்டு முறை கேட்டதற்கு அதன் பெயரையாவது எழுதியிருப்பாய். போன் வேண்டாம் என்று நீ எழுதியது ஜனவரியில். உன் எண் இறங்க ஆரம்பித்தது அதற்கு ஒரு மாதம் முன்னால். போனில் எங்களுக்கு என்ன கேட்டுவிடும் என்று பயந்தாய்?

சிரிஞ்சு ஏன் கை தவறியது என்றும் எழுது.

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பி

*

மே 27

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதம் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். எட்டு முறை எழுதினேன். எட்டிலும் முதல் வார்த்தை 'நலம்' என்று வந்தது, கிழித்துவிட்டேன்.

இருமல் வந்தது. அதனால்தான் சிரிஞ்சு கை தவறியது. டிசம்பரில் தொட்டியைத் திறந்தபோது ஆரம்பித்த இருமல், மூன்று வாக்கியம் சேர்த்துப் பேசினால் வரும். போனில் மூன்று வாக்கியத்துக்குள் உன்னிடம் எதைச் சொல்லி முடிக்க முடியும்?

வேறொரு ஆஸ்பத்திரியில், தெரியாத ஒரு டாக்டரிடம் போனேன். அங்கேயும் ஒரு பெண் பக்கத்தில் நின்று "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று கத்தினாள். என்னைவிட நன்றாகக் கத்தினாள். ஆஸ்துமா. புதுத் திரவத்தின் ஆவி என் மூச்சுக்குழாய்க்கு ஆகவில்லை. "அந்த ரூமை விட்டு வெளிய வந்தா தேறும். அங்கயே இருந்தா தேறாது. என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார் டாக்டர். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் எண்ணை இன்னொரு முறை படித்தார்.

இனி வருவதைக் கவனமாகப் படி. லீவு முடிந்து 2.73 ஊதினேனே, அதைப் பதிவேட்டில் எழுதும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருடமாக இந்த எண்களைப் படிப்பவள், தெரியாமலா போகும்? 'மெஷினுக்கும் ஓய்வு' என்று பெரிய டாக்டரிடம் வேடிக்கையாக முதலில் சொன்னவள் நான்தான். அவர் சிரித்து, அதையே குறிப்பாக எழுதச் சொன்னார். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் கண்டக்டருக்குப் பழைய மருந்து மறுநாளே கிடைத்திருக்கும். அவர் விழுந்தது அதற்கு ஐந்து வாரம் கழித்து.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். 'ஆரோக்கியமான நபர்' என்ற தலைப்பின் கீழ் கையெழுத்துப் போட எனக்குப் பிடித்திருந்தது. இதைவிட நல்ல காரணம் தேடினேன், இல்லை.

முந்தாநாள் பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அளவுகளையும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்தார்.

"உங்களுக்கு ஆஸ்துமான்னு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அந்த டாக்டருக்கும். இப்ப உங்களுக்கு."

"நல்லது. ஒரு நோயாளியோட வியாதி விவரத்தை வெளிய சொல்லக்கூடாது. நெறிமுறையில முதல் பாடமே அதுதான்."

"அந்த நோயாளி நான்தானே சார்?"

"அதனாலதான் சொல்றேன். உங்க ரகசியத்தை நான் காப்பாத்துறேன். நீங்களும் காப்பாத்துங்க."

என் வியாதியை நானே வெளியே சொல்வது நெறிமுறைக்கு விரோதம். இதைக் கேட்டுச் சிரித்தேன், இருமல் வந்துவிட்டது. அவர் தண்ணீர் கொடுத்தார். கெட்டவர் இல்லை. ஆறு வருட உழைப்பு அவருக்கு.

கண்டக்டர் ஆக்ஸிஜனில்தான் இருக்கிறார். பழைய மருந்தைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். ஆராய்ச்சியில் இருப்பவருக்கு மருந்தை மாற்றக் குழுவின் அனுமதி வேண்டுமாம். ஜூன் 12க்கு இன்னும் பதினாறு நாள்.

அக்கா

*

ஜூன் 2

அக்காவுக்கு,

சிரிஞ்சுக்கான சான்றிதழ் இத்துடன் வருகிறது. முத்திரை குத்தியிருக்கிறேன். இதில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சிரிஞ்சு மூன்று லிட்டர் என்று மட்டும் இருக்கிறது. அதற்கு மேல் சான்று கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது.

அந்தக் கடைக்காரரைப் பற்றி எழுதினேன் அல்லவா, கட்டைவிரல். அவர் தெரியாமல் வைத்திருந்தபோது எச்சரிக்கை கொடுத்துவிட்டு வந்தேன். தெரிந்தபின் ஒருநாள் வைத்தார். அன்றைக்குத் தராசைப் பறிமுதல் செய்தேன். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீ கேட்டிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன், அதனால் கேட்காமலே எழுதுகிறேன்.

ஜூன் 12 வரை காத்திருக்காதே. குழுவின் செயலாளருக்கு இன்றே எழுது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "எனக்குத் தெரியும்டா. பொங்கிப் பொங்கிப் பேசுறவ நாலு வரியில நிறுத்துறா" என்றாள். பிறகு அலமாரியைத் திறந்து எதையோ தேடுவது போல வெகுநேரம் நின்றாள்.

தம்பி

*

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கும் அம்மாவுக்கும்,

நான் நலமில்லை. மற்றபடி எழுத நிறைய இருக்கிறது.

உன் கடிதம் கிடைத்த அன்றே செயலாளருக்கு எழுதினேன். கூட்டத்தை 12லிருந்து 6ஆம் தேதிக்கு மாற்றினார்கள். நீளமான மேஜை, ஏழு பேர், சட்டம் படித்த அம்மாள் ஒருவர். உன் சான்றிதழை எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். முத்திரை அழகாக இருப்பதாக ஒருவர் சொன்னார்.

பெரிய டாக்டர், "சிரிஞ்சு இப்ப சரியா இருக்கலாம், பார்சல்ல போய் வந்ததுல வளையம் பழைய இடத்துக்கே நகர்ந்திருக்கும். அவங்க மூச்சு இன்னைக்கும் 2.80தான்" என்றார்.

"ஒன்பது வருஷமா ஆயிரக்கணக்கான பேரை ஊத வச்சவ சார் நான். என் மூச்சு குறைஞ்சது எனக்கா தெரியாது?" என்றேன்.

"அப்ப இங்கயே ஊதுங்களேன்" என்றார் சட்டம் படித்த அம்மாள்.

மெஷினை மேலே கொண்டுவந்தார்கள். எல்லார் முன்னாலும் சிரிஞ்சால் சோதித்தேன், மூன்று. பிறகு குழாயை வாயில் வைத்தேன். பக்கத்தில் கத்த ஆளில்லை. நான் திரும்பிப் பெரிய டாக்டரைப் பார்த்தேன். பழக்கம் விடுமா, அவரே எழுந்துவிட்டார். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" அவருடைய ஆறு வருடத்தை எதிர்த்து நான் ஊதுவதற்கு அவரே கத்தினார், தம்பி. நன்றாகவே கத்தினார். 2.49. அதன்பின் இருமினேன். கூட்டக் குறிப்பில் 'இருமல், இரண்டு நிமிடம்' என்று பதிவாகியிருக்கிறது.

1.11 ரத்து. நாற்பத்து நான்கு பேருக்கும் பழைய மருந்து. அறுநூறு பேரை யாரும் தொடப்போவதில்லை. கண்டக்டருக்கு அன்று பிற்பகலே கொடுத்தோம். பத்து நாளில் முகமூடியைக் கழற்றிவிட்டார். ஆனால் 1.20க்கு வரவில்லை, 1.09இல் நிற்கிறார். வரமாட்டார் என்று நினைக்கிறேன். மார்ச்சிலேயே எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொன்னேன். "இனிமே பஸ்ஸுல உக்காந்து பாக்குற வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு இரண்டு உத்தரவு. அடித்தளத்துக்குப் போகக்கூடாது, இரண்டாவது மாடியில் கோப்புப் பிரிவு. அங்கே ஜன்னல் இருக்கிறது, என் நான்கு விசிறிக் கடிதங்களும் இருக்கின்றன, பத்திரமாக. இரண்டாவது, ஒன்பது வருடம் வாராவாரம் ஒரு மனித உடலை அளந்திருக்கிறார்கள், அதற்குச் சம்மதப் படிவமே இல்லை என்று குழு கண்டுபிடித்துவிட்டது. விளக்கம் கேட்டு மெமோ. என் உடலை என் சம்மதமில்லாமல் அளந்த குற்றத்துக்கு நான் பதில் எழுத வேண்டும். உன்னைப் போல ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்கலாம் என்றிருக்கிறேன்.

பதிவேட்டில் புது ஆரோக்கியமான நபர் வேண்டுமாம், யாரும் முன்வரவில்லை.

இரண்டாவது மாடிக்குப் படியேறித்தான் போகிறேன். நடுவில் ஒருமுறை கம்பியைப் பிடித்து நிற்கிறேன். அப்போதெல்லாம் யார் நினைவு வருகிறது என்று சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போடு. அம்மாவிடம் கொடு. மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை இருமுவேன். வைத்துவிட வேண்டாம், நான் முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்.

அக்கா